நாய்க்குக் கல் நட்ட ஊரிலிருந்து

வேலூர்
8.6.2025

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்தபோது இங்கே கத்திரி வெயில். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் என்பது உனக்குத் தெரியும். அதற்கான பேனர்கள், முகூர்த்தப் பத்திரிகைகள், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்து நோட்டீஸ்கள் என்று அச்சகத்தில் மூச்சுவிட நேரமில்லை. இப்போதுதான் சற்று ஓய்ந்திருக்கிறது. நேற்று மாலை ஒரு மழை பெய்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடும் அளவுக்கு இல்லை என்றாலும், இரவு நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன் நீ. 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது எனக்குப் போன் செய்து நீ பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருத்தத்தோடுதான் இப்போதும் எழுதியிருக்கிறாய். பேத்தி ஒரு வரி எழுதுவதில்லை, எதைக் கேட்டாலும் ஒரு மீமை அனுப்புகிறாள், தந்தியே நிலைக்கவில்லை, இது மட்டும் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்ல கேள்வி. அன்றிலிருந்து மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உன் பேத்தி அனுப்பும் மீம் அடுத்த தீபாவளிக்கு யாருக்கும் நினைவில் இருக்காது. ஆனால் மீம் என்கிற வழக்கம் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை எடுத்து, இன்றைய சேதியை அதன்மேல் ஏற்றிச் சொல்வதுதான் அந்த வழக்கம். இணையம் வருவதற்கு மிக முன்பே நாம் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

உன் தந்தியையே எடுத்துக்கொள். வாழ்த்துத் தந்திக்கு எண்கள் இருந்தன அல்லவா? தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண், தேர்வில் வென்றதற்கு ஓர் எண். அனுப்புகிறவர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், பெறுகிறவர் வீட்டுக்கு முழு வாசகமும் போய்ச் சேரும். அந்த வாசகங்களை எழுதியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கு வந்த தந்திகளில் பெரும்பாலானவற்றில் ஒரே வாசகம்தான். அப்படியும் ஒவ்வொன்றையும் அம்மா டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். வாசகம் எல்லோருக்கும் பொது, அனுப்பிய மனிதர் வேறு வேறு. உன் பேத்தி ஆயிரம் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பும்போது, அந்தத் தேர்வில் அவள் மனம் இருக்கிறது. அந்த எண் பட்டியல் உன்னிடம் இருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அச்சகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆசை.

எங்கள் தொழிலிலும் அதே கதைதான். ஈய எழுத்துக் கோத்த நாளில் ஓர் இழுப்பறை முழுக்க படம் அச்சடிக்கும் பிளாக்குகள் இருக்கும். பிள்ளையார், குத்துவிளக்கு, நாதஸ்வரமும் தவிலும், கூப்பிய கைகள். வருகிற கல்யாணத்துக்கெல்லாம் அதே பிள்ளையார்தான், பெயரும் முகூர்த்த நேரமும் மட்டும் மாறும். யாரும் குறை சொன்னதில்லை. பார்த்தவுடன் கல்யாணப் பத்திரிகை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காட்பாடியிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். நண்பனுக்குக் கல்யாணம், மண்டப வாசலில் வைக்கப் பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும். வாழ்த்துகிறவர்கள் வரிசையில் தங்கள் படங்களைப் போடச் சொல்லிவிட்டு, நடுவில் மாப்பிள்ளை படம் வேண்டாம், வடிவேலு படம் வேண்டும் என்றார்கள். தலையில் கட்டுப்போட்டு, வீங்கிய முகத்தோடு, ஆனாலும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிக்கொள்ளப் பார்க்கும் அந்த முகம். அதற்குக் கீழே இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் டிசைனர் பெண் அதை அடித்துத் திரையில் காட்டினாள். ஒருவன் முதல் வரி நீளம் என்றான். இன்னொருவன் மாப்பிள்ளையின் அப்பா பார்த்தால் வருத்தப்படுவார், அந்தச் சொல்லை மாற்று என்றான். வெகுநேரம் இதே விவாதம். கடைசியில் அதுவரை பேசாமல் நின்றிருந்த பையன் சொன்னான்: “இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. அதை அந்த முகமே சொல்லிவிடுகிறது.”

எடுத்ததும் பேனர் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. இத்தனை காலமாகப் புரூஃப் திருத்துகிற எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எந்தச் சொல் மிகை, எதைப் படிக்கிறவர் தானே நிரப்பிக்கொள்வார் என்று தெரிவதுதான் எழுத்தின் பாதி வேலை. இந்தப் பிள்ளைகளுக்கு எழுதவே தெரியவில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அச்சுக்காரனுக்கு மட்டும் சந்தோஷம் தரும் ஒரு விஷயமும் உண்டு. ஆங்கில மீம்களில் படத்தின் மேலும் கீழும், கறுப்பு ஓரம் கட்டிய தடித்த வெள்ளை எழுத்து வருமே, அதன் பெயர் இம்பாக்ட். ஜெஃப்ரி லீ என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1965இல் ஈயத்தில் வார்க்கப்பட்ட எழுத்து அது. போஸ்டர் தலைப்புக்கென்று பிறந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் தன் கணினிகளோடு சேர்த்துக் கொடுத்ததால் உலகம் முழுக்க எல்லோர் கைக்கும் போனது. ஈய அச்சு முடிந்துபோகும் தறுவாயில் வார்த்த எழுத்து, இன்று போன் திரையில் உட்கார்ந்து பேசுகிறது.

நம் பக்கத்துக் கூத்தை நினைத்துப் பார். ஊரீசுக் கல்லூரியில் படித்த நாளில் கோடை விடுமுறை வந்தால் எந்த ஊரில் பாரதக் கூத்து நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு சைக்கிளில் போவோமே. துரியோதனன் சபை களைகட்டியிருக்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து நிற்பான். ராஜாவுக்குக் கட்டியம் சொல்லிக்கொண்டே ரேஷன் கடை வரிசைக்குப் போவான், அங்கிருந்து பஸ் கட்டணத்துக்குப் போவான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரின் மீசைக்கு வருவான். பிறகு ஒன்றும் நடக்காதது போல மகாபாரதத்துக்குத் திரும்பிவிடுவான். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் இன்றும் இருக்கிறது. கட்டியக்காரன் பேச்சு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அந்த ஊருக்கு அந்த இரவுக்கு மட்டும் உரியது, விடிந்தால் போயிற்று. துரியோதனன் மட்டும் அடுத்த ஆண்டும் வருவான். மீமும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. போகிறது போகும், சபை அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனி. கூத்துப் பார்க்க வந்த சனம் முழுவதற்கும் துரியோதனன் யார் என்று தெரிந்திருந்தது. அது தெரியாதவனுக்குக் கட்டியக்காரன் சொன்னதில் பாதி புரியாது. மீமின் ஆயுளும் அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கான, பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று எழுதினார். இன்னொருவர் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அக்கறையாகக் கேட்டார். அவ்வளவுதான், நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று ட்விட்டரே நிரம்பி, உலக அளவில் முதல் வரிசைக்குப் போனது. வடஇந்தியப் பத்திரிகைகளெல்லாம் யார் இந்த நேசமணி என்று விசாரித்துச் செய்தி எழுதின. 2001இல் வந்த ஒரு படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம், மேலேயிருந்து தலையில் சுத்தியல் விழும் ஒரு காட்சி, பதினெட்டு ஆண்டு கழித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதை எத்தனை பேர் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான். துபாயில் இருந்தவருக்குப் புரிந்தது, ஆற்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவருக்குப் புரிந்தது, அந்தப் படம் வந்தபோது பிறக்காத பிள்ளைக்கும் புரிந்தது. காரணம், நகைச்சுவைக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வீட்டில் சாப்பிடும்போதும், சலூனில் முடிவெட்டும்போதும் அதே காட்சிதான் ஓடியது. கவுண்டமணியும் செந்திலும் வடிவேலுவும் ஒரு நாட்டுக்கே பொதுச்சொத்து ஆனது அப்படித்தான். வடிவேலுவை நான் பெரிய கலைஞர் என்று சொல்வது வெறும் ரசிகப் பேச்சு இல்லை. அவமானம், பயம், பொய்த் தைரியம், மாட்டிக்கொண்ட நிலை என்று ஏழை மனிதன் ஒரு நாளில் படும் அத்தனை பாட்டுக்கும் அவர் ஒரு முகம் கொடுத்துவிட்டார். சொல்லத் தெரியாதவர்களுக்கும் இன்று அந்த முகம் உதவுகிறது.

நான் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். இன்று ஒரே வீட்டில் நான்கு போன், நான்கிலும் நான்கு விதமான வீடியோக்கள். என் மகன் பார்த்துச் சிரிப்பது மருமகளுக்குத் தெரியாது, பேரன் பார்ப்பது இருவருக்கும் தெரியாது. அவரவர் விருப்பத்தை அறிந்து அவரவருக்கு ஏற்றதை மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறது அந்த இயந்திரம். 2040இல் வேலூர்க்காரனும் நெல்லைக்காரனும் சேர்ந்து அறிந்த காட்சி என்று எது இருக்கும்? மீம் போடுகிற பிள்ளைகள் இன்னமும் இருபது ஆண்டுக்கு முந்தைய வடிவேலுவிடமே போகிறார்கள் என்பதை நான் பழமைப் பிடிப்பாகப் பார்க்கவில்லை. பொதுவாக மிஞ்சியிருக்கும் கிணறு அது ஒன்றுதான் என்பதால் போகிறார்கள். புதுக்கிணறு வெட்டாவிட்டால் மீம் சின்னச் சின்னக் கூட்டங்களின் குழூஉக்குறியாகச் சுருங்கிவிடும். செத்துப்போகாது, ஆனால் உன் பேத்தி அனுப்புவது உனக்குப் புரியாது.

இன்னொரு கவலையும் உண்டு, அது சரக்கு அழிந்துபோவது பற்றியது. 2020 ஜூன் 29 அன்று அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடையின் நியாயம் வேறு பேச்சு. அதில் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்களும் கூலிவேலை செய்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் நடித்துப் போட்டிருந்த அத்தனையும் ஒரே மூச்சில் கண்ணிலிருந்து மறைந்தன. சினிமாவுக்கோ பத்திரிகைக்கோ ஒருநாளும் வந்திராத முகங்கள் அவை. அதே ஆண்டு முடிவில் ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தை நிறுத்தினார்கள், அதில் செய்திருந்த எத்தனையோ விளையாட்டுகளும் கேலிச்சித்திரங்களும் ஓடாமல் போயின. என் அச்சகத்திலேயே தொண்ணூறுகளில் கணினியில் பக்கம் அமைத்து, டி.டி.பி. செய்த தமிழ்க் கோப்புகள் இருக்கின்றன. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை. இன்று திறந்தால் ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் வந்த பிறகு செய்த கோப்புகளுக்குத்தான் அந்தத் துன்பம் இல்லை.

இந்த நேரத்தில் எனக்கு எடுத்தனூர்க் கல் நினைவுக்கு வருகிறது. நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் செங்கம் பக்கத்து ஊர், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அந்த வட்டாரத்து நடுகற்களைப் பற்றி ஆசிரியர் ஒருவர் எழுதிய சிறு வெளியீட்டை எங்களிடம்தான் அச்சிட்டார், அப்போது படங்களை உட்கார்ந்து பார்த்தேன். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், ஏறத்தாழ 1400 ஆண்டு ஆகிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் சில வரிகள். வீரன் இன்னான் என்று சொல்லிவிட்டு, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் இருந்ததையும் பெயரோடு சொல்கிறது கல்வெட்டு. செங்கம் பகுதிக் கற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நிற்கும் கோலமும் வில்லும் வாளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். மாறுவது எழுத்துத்தான். படம் பொது, சேதி தனி.

ஜப்பானில் காபோசு என்று ஒரு நாய் இருந்தது. அதை வளர்த்த அம்மையார் 2010இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2013இல் அந்தப் படம் உலகம் முழுக்க மீமாகப் பரவியது. அந்த மீமின் பெயரில் ஒரு மின்காசே வந்துவிட்டது. 2023இல் சகுரா என்ற அதன் ஊரில் அதற்குச் சிலை வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அது இறந்தபோது எத்தனையோ நாடுகளில் மனிதர்கள் வருந்தினார்கள். இணையத்தில் பிறந்த ஒரு மீமுக்குக் கடைசியில் உலோகமும் கல்லும் வேண்டியிருந்தது.

கோவிவன் இன்று நமக்குத் தெரிவது உருவத்தால் மட்டும் இல்லை, உருவத்தோடு சேர்த்து யார், என்ன செய்தது என்று ஒருவர் உளியால் எழுதி வைத்ததால்தான். படம் மட்டும் இருந்திருந்தால் யாரோ வேட்டைக்காரனும் அவன் நாயும் என்று தாண்டிப் போயிருப்போம். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் மீம்களைச் சேர்க்கும் இணையக் காப்பகம் ஒன்றை வைத்திருக்கிறது. தமிழ் மீம்களுக்கு அப்படி யாராவது செய்ய வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் இங்கே வேலூரிலும் பிள்ளைகள் கூடியபோது, எத்தனை மீம்கள் கைக்குக் கை மாறின! அவற்றை வைத்தே அந்த நாட்களின் மனநிலையை எழுதிவிடலாம். ஆனால் எந்தப் படம், எந்த நாள், எதற்குப் பதிலாக வந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது ஊமைப் படம்தான்.

நம் குடியாத்தத்து நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்ல கட்டிதான், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சில வாரம் வாயைத் திறந்து பேசக்கூடாது என்று கண்டிப்பு. ஓயாமல் பேசுகிற அவனைப் பேசாதே என்றால் எப்படி இருக்கும்! பேரன் அவன் போனில் ஏகப்பட்ட வடிவேலு ஸ்டிக்கர்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் போயிருந்தபோது நர்ஸ் வந்து கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டார். அவன் போனைத் தடவி ஒரு படத்தை எடுத்து நீட்டினான். தட்டைப் பார்த்து அழும் வடிவேலு. நர்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலி அதிகமா என்று நான் கேட்டதற்கு வேறொரு முகத்தைக் காட்டினான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கால் நடுங்க நிற்கும் முகம். இவ்வளவு துல்லியமாக வாயால் சொல்லியிருக்க அவனால் முடியாது.

அதே நாள் மாலை, கிளம்பும் நேரம், மகளை அழைத்து வெள்ளைத்தாள் கேட்டான். பேனாவை எடுத்து இரண்டு பக்கம் எழுதினான். தறி, நிலம், தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பணம், அம்மாவை எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் இருந்ததாகப் பிறகு அவள் சொன்னாள். அதற்கு எந்தப் படத்தையும் அவன் தேடவில்லை. எல்லோருக்கும் நடக்கிற ஒன்றைச் சொல்ல மீம் போல வேறில்லை. தனக்கு மட்டும் நடந்ததை, தான் மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்ல எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் மீம் வந்து கடிதத்தைத் தின்றுவிட்டது என்று நீ எழுதியிருந்ததை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தின்றது என்றால், “நலம், நலமறிய ஆவல்” என்று நாம் எழுதும் முதல் வரியைத் தின்றிருக்கலாம். மீதி நம்மிடமே இருக்கிறது.

பேத்தி விஷயத்தில் ஒரு யோசனை. அடுத்த முறை அவள் படம் அனுப்பினால், ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. இது எந்தக் காட்சி, அதில் என்ன நடக்கிறது என்று கேள். சொல்லத் தொடங்கினால் அவளே பக்கம் பக்கமாகப் பேசுவாள். நீயும் உனக்குப் பிடித்த கவுண்டமணி காட்சியில் ஒன்றை அனுப்பு. அவளுக்கு அது புதுச்சரக்காக இருக்கும்.

ஆனி முடிவதற்குள் பொன்னைப் பக்கம் ஓர் ஊரில் படுகளம் இருக்கிறது. மண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்து உருவம் செய்வார்கள், கூத்து இரவு முழுக்க. முடிந்தால் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வா. கட்டியக்காரன் அவளை ஒரு வார்த்தை கேலி செய்யாமல் விடமாட்டான். வீட்டில் தங்கிக்கொள்ளலாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தேதி உறுதியானதும் போன் செய்கிறேன்.

உன் துணைவியாருக்கு என் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்

பின்குறிப்பு: இலவம்பாடி முள்கத்தரிக்காய் கேட்டிருந்தாய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதற்கு மவுசு கூடிவிட்டது, கண்ட காயையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். காம்பில் முள் இருக்கிறதா என்று பார்த்து நானே வாங்குகிறேன். வரும் வியாழக்கிழமை மைத்துனர் கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், ஸ்டேஷனில் வாங்கிக்கொள்.